கடற்கரை ஊரில் சிகார்: வெட்டுவது முதல் பத்திரப்படுத்துவது வரை

சிகாரைப் பத்திரப்படுத்துவது பற்றிப் படிக்கக் கிடைப்பதில் முக்கால்வாசி, குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை நினைத்து எழுதியது. அங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக்குள் காற்று வறண்டுவிடும். அதனால் பெட்டிக்குள் ஈரம் சேர்ப்பதுதான் அவர்களுக்கு முதல் வேலை. புதுச்சேரியிலோ கடலூரிலோ அதை அப்படியே செய்தால், ஐப்பசி முடிவதற்குள் பெட்டியைத் திறந்ததும் பூஞ்சண வாடை முகத்தில் அடிக்கும். நமக்கு ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. நம் தலைவலி இரண்டு: சூடு, தேவைக்கு மேல் ஈரம். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கில்தான் போகும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சிகார் வாய்ப் புற்றுநோயையும் தொண்டைப் புற்றுநோயையும் வரவழைக்கும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் புதிதாக ஆரம்பிக்க இதைப் படிக்க வேண்டாம். எப்போதாவது ஒன்று பற்றவைப்பவர்களுக்கும், பாரிஸிலிருந்து வந்த அக்கா வீட்டுக்காரர் ஒரு பெட்டியைக் கையில் திணித்துவிட்டுப் போக, அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஃப்ரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கும்தான் இது.

இந்த இரண்டாம் வகை ஆட்கள் புதுச்சேரியில் நிறைய. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் சீஸ், சென்ட் பாட்டிலோடு சிகாரும் இருக்கும். ‘சொல்தா’ வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் வீடு என்றால் கேட்கவே வேண்டாம், தாத்தா காலத்து சிகார் வெட்டும் கட்டரே அலமாரியில் எங்கேயாவது கிடக்கும்.

சிகாரின் தலையைப் பார்க்கத் தெரியணும்

கையால் சுருட்டிய நல்ல சிகாரில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் நீளவாக்கில் மடித்து வைத்த உள் இலைகள். அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலை. அதற்கு மேலே வழவழப்பாக ஓடும் மேல் இலை. பற்றவைக்கிற முனை திறந்தே இருக்கும். வாயில் வைக்கிற முனையை மட்டும் சிறு இலைத் துண்டு ஒன்றை வட்டமாக நறுக்கி, தாவரப் பசை தடவி மூடியிருப்பார்கள். இதை கேப் என்பார்கள். தொப்பி என்றே வைத்துக்கொள்வோம். மேல் இலை பிரிந்து வராமல் பிடித்து வைத்திருப்பது இந்தத் தொப்பிதான். வெட்டும்போது வீணாகும் சிகார்களில் பெரும்பாலானவை, தொப்பியை முழுசாக வெட்டி எடுத்ததால் வீணானவை.

ஜன்னல் வெளிச்சத்தில் சிகாரின் தலையை மெதுவாக உருட்டிப் பாருங்கள். தொப்பியின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரியும். கியூபா முறையில் சுற்றியதாக இருந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள்கூட எண்ணலாம். உருண்டையான தலை முடிந்து நேரான உடம்பு தொடங்கும் இடம் தோள். வெட்டு எப்போதும் தோளுக்கு மேலேயே விழ வேண்டும். இது ஒன்று மனசில் நின்றுவிட்டால் மீதியெல்லாம் பழக்கம்தான்.

கட்டர் வாங்கும் முன் அளவும் தெரிய வேண்டும். சிகாரின் பருமனை ரிங் கேஜ் என்ற எண்ணால் சொல்கிறார்கள். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். ரொபஸ்டோ என்ற பிரபலமான அளவு 50. அதாவது விட்டம் 20 மில்லிமீட்டருக்கு ஒரு நூலிழை குறைவு, நீளம் சுமார் 5 அங்குலம். கொரோனா 42. சர்ச்சில் 47, ஆனால் 7 அங்குல நீளம். தலை கூம்பாக முடியும் டார்பிடோ வகை 52 வரை போகும்.

நம்ம ஊர் சுருட்டுக்கு இந்தத் தலைவலி கிடையாது. உறையூர், திண்டுக்கல் பக்கத்துச் சுருட்டுகள் இரண்டு முனையும் வெட்டியே வரும். தொப்பியும் இல்லை, கட்டரும் வேண்டாம். பத்திரப்படுத்தும் பகுதி மட்டும் அவற்றுக்கும் பொருந்தும்.

எந்த கட்டர்?

ஒரே ஒரு கட்டர்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு என் பதில் இரட்டை பிளேடு கில்லட்டின். இரண்டு பக்கத்திலிருந்தும் பிளேடு சேர்ந்து வந்து வெட்டுவதால் தலை நசுங்காது. எந்த வடிவ சிகாருக்கும் பொருந்தும். வாங்கும்போது வாய் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். 54 ரிங் கேஜ் நுழையவில்லை என்றால் இப்போது வரும் தடியான சிகார்களுக்கு அது உதவாது. பெட்டியோடு இலவசமாக வரும் ஒற்றை பிளேடு பிளாஸ்டிக் கட்டரை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டுமே பிளேடு தள்ளுவதால் மறுபக்கத்து இலை நசுங்கிக் கிழிகிறது.

பஞ்ச் என்பது சாவிக்கொத்தில் மாட்டும் சின்னக் குழாய். தலையில் வைத்து அழுத்தித் திருகினால் வட்டமாக ஒரு துளை போடும். தொப்பியின் ஓரத்தைத் தொடவே தொடாது என்பதால் இலை பிரியும் பயம் இல்லை, வாயில் தூளும் வராது. ஆனால் 46-க்கு மேலான பருமனுக்குத்தான் சரிப்படும். டார்பிடோவுக்கு உதவவே உதவாது. துளை சின்னதாக இருப்பதால் பாதி தாண்டியதும் தார் அங்கே சேர்ந்து கசக்கும். நம் ஊர்க் காற்றில் சிகார் எப்போதுமே கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும், அதனால் இங்கே அது சீக்கிரமே கசக்கிறது. எனக்கு பஞ்ச் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

வி-கட் தலையில் ஆப்பு வடிவத்தில் பள்ளம் வெட்டும். புகை குவிந்து வரும், நன்றாகத்தான் இருக்கும். மெல்லிய சிகாரில் பள்ளம் ஆழமாக இறங்கிவிடும், அங்கே தவிர்த்துவிடுங்கள். சிகார் கத்தரி பார்க்க அழகு. கை நடுங்காதவர்களுக்கு மட்டும்.

கட்டர் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க டிஷ்யூ பேப்பர் ஒன்றை நான்காக மடித்து வெட்டிப் பாருங்கள். ஓரம் பிசிறில்லாமல் வந்தால் போதும். இழுத்துக் கிழித்தால் சிகாரையும் அப்படித்தான் கிழிக்கும். கடற்கரைச் சாலையிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் வீட்டில்கூட ஜன்னல் கொக்கி துருப்பிடிக்கிற ஊர் இது. ஆகவே பயன்படுத்தியதும் பிளேடில் ஒட்டிய பிசினைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, ஜிப் கவரில் போட்டு வையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போடுகிற ஆசை வரும். வேண்டாம், அந்த வாடை அடுத்த சிகாரில் ஏறிவிடும்.

வெட்டும் முறை

பெட்டியிலிருந்து எடுத்ததும் நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கி மறுபடி நிமிர்ந்தால் வெட்டலாம். காதருகே சரசரவென்று சத்தம் வந்தால் காய்ந்திருக்கிறது. அதை இப்போது வெட்டினால் தலை விரிசல் விடும். அமுங்கிய பள்ளம் அப்படியே நின்றால் ஈரம் அதிகம், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

சரி, பதமாக இருக்கிறது. தொப்பியை உதட்டில் வைத்து லேசாக ஈரமாக்குங்கள். எச்சில் சொட்டச் சொட்ட அல்ல, இலை இளகும் அளவுக்கு. கட்டரை மேசைமேல் படுக்க வைத்து, பிளேடைத் திறந்து, சிகாரின் தலையை மேலிருந்து வாய்க்குள் நேராக இறக்குங்கள். தலை மேசையைத் தொட்டதும் நிறுத்துங்கள். கட்டரின் தடிமனே அளவுகோலாகிவிடுவதால், சாதாரண மெல்லிய கட்டரில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெட்டு விழாது. தடித்த கட்டராக இருந்தால் இந்த வழி சரிப்படாது. கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துத் தோள் எங்கே என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

பிளேடு இலையைத் தொட்டதும் ஒரு நொடி நிறுத்தி, சுற்றிலும் நேராக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் தயங்காமல் ஒரே வீச்சில் அழுத்திவிடுங்கள். தயங்கித் தயங்கி அழுத்துவதுதான் தலையை நசுக்குகிறது. விழுந்த துண்டு சட்டைப் பொத்தான் அளவில் மெல்லிய தட்டாக இருக்கும். தலையில் தொப்பியின் ஓரம் வளையமாக மிச்சமிருக்க வேண்டும். இருந்தால் வேலை முடிந்தது.

பற்றவைக்கும் முன் சும்மா ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று லேசான தடையோடு வந்தால் நல்லது. தடையே இல்லாமல் வந்தால் வேகமாக எரிந்து சூடாகும், மெதுவாக இழுங்கள். இறுக்கமாக இருந்தால் இன்னும் அரை மில்லிமீட்டர் சீவலாம். ஒரேயடியாக வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக. அப்படியும் வரவில்லை என்றால் உள்ளே இலை முறுக்கிக் கிடக்கும். இதற்கென்றே நீள ஊசி மாதிரி ஒரு கருவி விற்கிறார்கள். அதை நடுவில் செருகி மெதுவாகச் சுழற்றி எடுத்தால் வழி விடும்.

டார்பிடோவுக்கு முறை வேறு. கூம்பின் நுனியிலிருந்து 3 மில்லிமீட்டர் மட்டும் நேராக வெட்டி இழுத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். கூம்பு விரிந்துகொண்டே போவதால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் துளை பெரிதாகும், அதனால் குறைவாகத் தொடங்குவதே லாபம்.

கட்டர் கையில் இல்லையா? பழைய சொல்தா தாத்தாக்கள் செய்ததைச் செய்யலாம். தொப்பியை நாக்கால் ஈரமாக்கி, கட்டைவிரல் நகத்தால் அதன் மேல்பகுதியைச் சுற்றிலும் கோடு போட்டு, வட்டமாக உரித்து எடுத்துவிடுவார்கள். பொறுமை இருந்தால் கில்லட்டினுக்குக் குறையாத வாய் கிடைக்கும். புது பிளேடாலும் வெட்டலாம். பல்லால் கடிப்பது மட்டும் வேண்டாம், சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும் என்பதோடு சரி.

மேல் இலை ஓரிடத்தில் பிரிந்தால் பதற வேண்டாம். ஜாம் கெட்டியாகச் சேர்க்கும் பெக்டினைத் தண்ணீரில் குழைத்து ஒரு சொட்டு தடவி, விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடப் பசை, ஃபெவிகால் எல்லாம் கிட்டவே வரக் கூடாது. எரிந்து நம் வாய்க்குத்தானே வரும்.

மரப்பெட்டியா, பிளாஸ்டிக் டப்பாவா?

சிகாருக்கு உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு: ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 16 முதல் 21 டிகிரி. புதுச்சேரியில் காலை ஈரப்பதம் பல நாட்களில் 80-ஐத் தாண்டும். கத்திரியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. அதே வீட்டில் ஏசி போட்ட அறையில் காற்று வறண்டுவிடுகிறது. ராத்திரி ஏசி, பகலில் ஜன்னல் திறப்பு என்றால் ஒரே நாளில் சிகார் சுருங்கி உப்புகிறது. மேல் இலை வெடிப்பது இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

ஹியூமிடார் எனப்படும் அழகான மரப்பெட்டிக்கு உள்ளே ஸ்பானிஷ் செடார் பலகை பதித்திருப்பார்கள். பெயரில்தான் செடார், வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்த, மத்திய, தென் அமெரிக்கப் பகுதி மரம் அது. ஈரத்தில் அதிகம் வளையாது, வாசனையும் புகையிலையோடு ஒத்துப்போகும். குறை என்னவென்றால் விலை குறைந்த மரப்பெட்டிகளின் மூடி முழுசாக இறுகுவதில்லை. குளிர் நாட்டில் அந்த இடுக்கு வழியாக ஈரம் வெளியே போகும், தண்ணீர் ஊற்றிச் சரிசெய்துகொள்வார்கள். இங்கே அதே இடுக்கு வழியாக ஈரம் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் வாசல் கதவு உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் போகிறதல்லவா, அதே கதிதான் அந்த மூடிக்கும்.

ஆகவே இந்தக் கடற்கரையில் ரப்பர் வளையம் பதித்த, நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும் பிளாஸ்டிக் டப்பாவே முதல் தேர்வு. பாத்திரக் கடையில், சண்டே மார்க்கெட்டில், எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். வாங்கும் முன் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பிளாஸ்டிக் வாடை தூக்கலாக இருந்தால் வைத்துவிடுங்கள். வீட்டில் வெந்நீரில் கழுவி, நிழலில் காயவைத்து, வாடை போகும்வரை திறந்தே போட்டுவிடுங்கள். அப்புறம் உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பர் போட்டு மூடி, பக்கெட் தண்ணீரில் முக்கி எடுங்கள். டிஷ்யூ நனையாமல் இருந்தால் காற்றும் அவ்வளவாக நுழையாது. பழைய ஊறுகாய் டப்பா, மசாலா டப்பா எதுவும் உதவாது. என்ன தேய்த்தாலும் அந்த வாசம் போகாது.

உள்ளே காலி சிகார் பெட்டியின் செடார் தகடுகள் ஒன்றிரண்டு போட்டால் நல்லது, போடாவிட்டாலும் குடி முழுகிவிடாது. சந்தனக் கட்டை, கற்பூரம், அந்துருண்டை ஆகியவற்றை அதே அலமாரியில்கூட வைக்காதீர்கள். புகையிலை எந்த வாசத்தையும் பிடித்துக்கொள்ளும். இதே காரணத்துக்காகத்தான் வெனிலா, காபி சுவையூட்டிய சிகார்களுக்குத் தனி டப்பா.

ஈரத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு இருபக்கமும் வேலை செய்யும் ஈரப்பதப் பொட்டலம் வேண்டும். போவெடா போன்ற பெயர்களில் 62, 65, 69, 72 என்று எண் போட்டு வருகிறது. உள்ளே இருப்பது உப்புக் கரைசல். காற்று காய்ந்தால் ஈரம் விடும், ஈரம் கூடினால் உறிஞ்சும். கடையில் 69-ஐயோ 72-ஐயோ நீட்டுவார்கள். அது ஈரம் கசியும் மரப்பெட்டிக்கான எண். இறுக்கமான டப்பாவுக்கு, அதுவும் நம் சூட்டில், 65 போதும்; மழைக்காலத்தில் நான் 62-ஐயே சிபாரிசு செய்வேன். சிகார் சீராக எரியும், பூஞ்சணமும் எட்டிப் பார்க்காது. 60 கிராம் பொட்டலம் ஒன்று 25 சிகார் கொள்ளும் டப்பாவுக்குச் சரி. பொட்டலம் கல் மாதிரி கெட்டியானால் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். நாளாக நாளாக உப்பிக்கொண்டே வந்தால் எங்கேயோ வெளிக்காற்று நுழைகிறது, மூடியைப் பாருங்கள். டப்பாவில் முக்கால் பங்குக்கு மேல் அடைக்காதீர்கள். காற்று ஓட இடம் வேண்டும்.

மரப்பெட்டி ஏற்கெனவே இருக்கிறது, அன்பளிப்பாக வந்தது, மனசு கேட்கவில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். சிகார் அடுக்கும் முன் காலிப் பெட்டியில் 84 எண் பொட்டலம் போட்டு 14 நாள் மூடி வைத்து மரத்தைப் பதப்படுத்த வேண்டும். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லும் பழைய யோசனையைக் கேட்டால் பலகை வளையும். பெட்டிக்குள் எரியும் செல்போன் டார்ச்சை வைத்து மூடி, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே ஈரமும் நுழையும். பெட்டியோடு வரும் பச்சை ஸ்பாஞ்ச் ஈரப்பதமூட்டியைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதற்கு ஈரம் விடத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது.

ஹைக்ரோமீட்டரை நம்பும் முன்

பெட்டி மூடியில் பதித்திருக்கும் முள் வைத்த ஹைக்ரோமீட்டர், அதாவது ஈரப்பதம் காட்டும் மீட்டர், பெரும்பாலும் அலங்காரம். தனியாகச் சின்ன டிஜிட்டல் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் உப்பு வைத்துச் சோதித்த பிறகே நம்ப வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் பொடி உப்பு நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைந்த ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்து ஓடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஜிப் கவரில் பக்கம் பக்கமாக வைத்து, மூடி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். அறை வெப்பத்தில் நனைந்த உப்புக்கு மேலே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 71 காட்டினால் அது 4 குறைத்துக் காட்டும் மீட்டர், இனிமேல் 4 கூட்டிப் படியுங்கள். அவ்வளவுதான்.

உப்பளம் உள்ள மரக்காணம் பக்கத்தில் இருக்கிறதே என்று கல்லுப்பைப் போட வேண்டாம். கல்லுப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருக்கும். அவை இன்னும் குறைந்த ஈரப்பதத்தில் நிற்பவை, கணக்கைக் கொஞ்சம் இழுத்துவிடும். பாக்கெட்டில் வரும் சுத்திகரித்த உப்பே சரி.

சூடும் வண்டும்

ஈரத்தைப் பொட்டலம் பார்த்துக்கொள்ளும். சூட்டை நாம்தான் பார்க்க வேண்டும். சிகாரின் உண்மையான எதிரி சின்னப் பழுப்பு வண்டு, லேசியோடெர்மா செரிகார்னி. மல்லி, மஞ்சள், மிளகாய்த்தூள் டப்பாவில் ஊர்கிறதே, அதே வண்டுதான். புகையிலையில் அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் வந்துவிடும். சுமார் 18 டிகிரிக்குக் கீழே அது வளராமல் கிடக்கும். 30 டிகிரியில் அதற்குக் கொண்டாட்டம், ஒன்றரை மாதத்துக்குள் முட்டை வண்டாகிவிடும். மேல் இலையில் குண்டூசி குத்தியது போல வட்டத் துளை, டப்பாவின் அடியில் மெல்லிய பழுப்புத் தூள், இவைதான் அடையாளம். அதைப் பார்த்த அன்றே எல்லா சிகாரையும் பரிசோதியுங்கள். துளை விழுந்ததைக் குப்பையில் போடுங்கள். சமையலறை அலமாரியில் சிகார் டப்பாவை ஏன் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

நம் ஊரில் வெப்பத்தை 18-க்குக் கீழே நிறுத்துவது எல்லா வீட்டிலும் நடக்காது. ஆகவே சிகார் கைக்கு வந்ததும் முட்டையைக் கொன்றுவிடுவதே வழி. சிகார்களை ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இன்னொரு ஜிப் கவருக்குள் வையுங்கள். முதல் நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில். அப்புறம் ஒரு வாரம் ஃப்ரீசரில். மறுபடி ஒரு நாள் ஃப்ரிட்ஜில். கடைசியில் வெளியே எடுத்து, கவரைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். இந்தக் கடைசிப் படியில் அவசரப்பட்டால், குளிர்ந்த சிகார்மேல் நம் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்து மேல் இலை வெடித்துவிடும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்காவது போக வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிராது. வஞ்சிரமும் இறாலும் அடுக்கிய ஃப்ரீசராக இருந்தால் மூன்றாவது கவரும் போடுங்கள், சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக ஃப்ரிட்ஜிலேயே நிரந்தரமாக வைக்கலாமா என்றால் கூடாது. உள்ளே காற்று வறண்டது, வாடை வேறு.

டப்பாவை வைக்கிற இடம் வீட்டின் நடு அறையில், தரையோடு ஒட்டிய தட்டாக இருக்கட்டும். பரண் வேண்டாம், மேற்குச் சுவர் அலமாரி வேண்டாம், மொட்டை மாடிக்கு நேர்க் கீழ் அறையும் வேண்டாம். முற்றம் வைத்த பழைய வீடுகளில் கனமான சுவருள்ள உள் அறை இதற்கென்றே கட்டியது போல இருக்கும். அடுக்குமாடிக்காரர்கள் ஒரு தெர்மகோல் பெட்டி வாங்கி, டப்பாவை அதற்குள் வையுங்கள். குளிர்விக்காது, ஆனால் பகல் சூடும் ராத்திரிக் குளிரும் மாறி மாறி உள்ளே போகாமல் தடுக்கும். பெட்டி புதுசாக இருக்க வேண்டும். மீன் ஏற்றி வந்த பெட்டியை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கம்ப்ரஸர் இல்லாத சின்ன வகை, அறை வெப்பத்திலிருந்து ஓரளவுக்கு மேல் இறக்காது. அறை 35 டிகிரி என்றால் சித்திரையில் அது மூச்சு வாங்கும். கம்ப்ரஸர் வகை நன்றாகக் குளிரும், ஆனால் உள்ளே நீர் கோக்கும். சிகாரைத் திறந்த தட்டில் அடுக்காமல் மூடிய டப்பாவோடு வைத்தால் தொல்லை இல்லை. எப்போதாவது ஒன்று பற்றவைப்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. இரண்டு, மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்வதே இந்த ஊருக்குப் பொருத்தம். வருடக்கணக்கில் பழுக்கவைக்கும் ஆசைக்கு ஏற்ற சீதோஷ்ணம் இல்லை இது.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஒயின் ஃப்ரிட்ஜை நம்பினாலும் உள்ளே மூடிய டப்பா இருக்கட்டும் என்பது அதற்காகவும்தான். கரண்ட் போனால் திறந்து திறந்து பார்க்காமல் விட்டுவிடுங்கள், அந்தச் சில நாள்களில் ஒன்றும் ஆகாது.

காய்ந்தது, நனைந்தது, பூத்தது

பாரிஸில் ஹீட்டர் ஓடிய வீட்டிலிருந்து வரும் சிகார் பெரும்பாலும் காய்ந்திருக்கும். மாமா கொடுத்த சந்தோஷத்தில் அன்றைக்கே திறந்து மேசையில் வைக்காதீர்கள். வெளிக்காற்றில் மேல் இலை சட்டென்று ஈரம் குடித்து உப்பும், உள் இலை அவ்வளவு வேகமாக உப்பாது, நடுவில் வெடிக்கும். 62 பொட்டலத்தோடு டப்பாவில் மூடி இரண்டு வாரம், அப்புறம் வேண்டுமானால் 65. செல்லோபேன் உறையைக் கழற்ற வேண்டியதில்லை, அது வழியாகவும் ஈரம் மெதுவாகப் போகும்.

ஈரம் கூடியதா? எரியும்போது அணைந்து அணைந்து போகும், இழுக்கக் கஷ்டமாக இருக்கும், கசக்கும். பற்றவைப்பதற்கு ஒரு நாள் முன்னால், பொட்டலம் இல்லாத காலி செடார் பெட்டியில் போட்டு ஏசி அறையில் வையுங்கள். மழைக்காலத்தில் இதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

மேல் இலையில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், ‘அது பூஞ்சணமில்லை, பழுத்த சிகாரில் பூக்கும் எண்ணெய்ப் படிகம்’ என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். பூஞ்சணம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மட்டும் லேசாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, தனி டப்பாவில் பிரித்து வைத்துப் பார்க்கலாம். பற்றவைக்கும் முனையில், உள் இலைகளுக்கு நடுவில் தெரிந்தால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு தூக்கிப் போட்டுவிடுங்கள். டப்பாவை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிட்டு, பொட்டலத்தையும் புதுசாக மாற்றுங்கள்.

ஊர்விட்டு ஊர் போகும்போது

ஈசிஆரில் சென்னைக்கோ, கடலூர் சில்வர் பீச்சுக்கோ காரில் போனால் சிகாரை டாஷ்போர்டில் விடாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் போதும், எல்லாம் வீணாக. நுரை மெத்தை வைத்த பயணப் பெட்டியும் ஒரு சின்னப் பொட்டலமும் இருந்தால் வாரக்கணக்கில் தாங்கும். பீச்சில் காற்று அடிக்கும் நேரத்தில் பற்றவைத்தால் ஒரு பக்கமாகவே எரியும். காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு, பேக்கேஜ் விதிகளின்படி தீர்வை இல்லாமல் கொண்டுவர அனுமதித்த அளவு 25 சிகார், அல்லது 100 சிகரெட், அல்லது 125 கிராம் புகையிலை. மூன்றும் சேர்த்தல்ல, ஏதாவது ஒன்று. விமானத்தில் கட்டரை செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். கைப்பையில் வைத்துப் பாதுகாப்புச் சோதனையில் வாதாடி ஜெயித்தவர்கள் குறைவு. லைட்டரை இந்திய விமான நிலையங்களில் கைப்பையிலும் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியிலும் விடமாட்டார்கள், தீப்பெட்டிக்கும் அதே கதிதான். போய் இறங்குகிற ஊரில் பெட்டிக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.